நடுவில் நாலு கட்டம்

கொசப்பாளையம், ஆரணி
20.1.2002

அன்புள்ள சிவா மாமாவுக்கு,

பிரியா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு மட்டும் பொங்கலுக்கு முன்னால் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. இருமிக்கொண்டே தறிக்காரர்களிடம் கத்துகிறார். பெங்களூர் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? தேவகி அத்தை இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை. தேவிகாபுரம் ஒரு பஸ் தூரம்தான். "அவங்க பிள்ளைக்கு பெங்களூர்ல வேலை கெடச்சதுல இருந்து உங்க அத்தைக்கு அண்ணன் வீட்டு வழி மறந்துபூட்ச்சு" என்று அம்மா சொல்கிறாள். நான் சொல்லவில்லை, அம்மாதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்தில் கிரிப்டோகிராபியில் ஆராய்ச்சி செய்ய ஆள் எடுக்கிறார்கள். மே 19 ஞாயிற்றுக்கிழமை எழுத்துத் தேர்வு. கிரிப்டோகிராபி என்றால் என்னவென்று அம்மா கேட்டாள். நடுவில் யார் பிரித்துப் படித்தாலும் புரியாதபடி செய்தி அனுப்புகிற கணக்கு என்றேன். "அப்படி என்னாடி உனக்கு ரகசியம்?" என்று முறைத்தாள். இந்தப் படிப்புக்கு அம்மா இப்போதே விரோதி.

அப்பா ஒரு வருஷம் தவணை கொடுத்திருக்கிறார். வைகாசிக்குள் இடம் கிடைத்தால் சென்னைக்கு அனுப்புவார். கிடைக்காவிட்டால் கல்யாணப் பேச்சை எடுப்பார், நான் தடுக்கக் கூடாது. பேச்சு அப்படி.

எங்கள் வேலூர் பேராசிரியர், "நல்ல கறாரான புத்தகமா ஒண்ணு பார்த்து வாங்கிப் படிம்மா" என்றார். எது என்று சொல்வதற்குள் ரிட்டயர் ஆகிவிட்டார். சென்னைக் கடைக்குப் போன் செய்தால் பேரைச் சொல்லுங்கள் என்கிறார்கள். பேர் தெரிந்தால் நான் ஏன் கேட்கிறேன்? அப்பா ஒரே ஒரு புத்தகம்தான் வாங்கித் தருவாராம். பாங்குகளுக்குப் பூட்டுப் போடுகிற கம்பெனியில் நீங்கள் இருக்கிறீர்கள். யோசித்து ஒரே ஒரு பேர் எழுதுங்கள். தப்பான புத்தகத்தில் இந்த நாலு மாதம் போய்விட்டால் எனக்கு வேறு நாலு மாதம் கிடையாது.

ஈமெயில் வேண்டாம், பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர் பக்கம் அப்பா என்னை விடமாட்டார். கீழே அப்பாவின் பட்டுக்கடை விலாசத்துக்கே எழுதுங்கள். தபால்காரர் மாடி ஏற மாட்டார். கடைத் தபாலோடு சேர்த்து அப்பாவே பிரித்துவிட்டுத்தான் மேலே கொடுத்தனுப்புவார். ஜரிகைக்காரர் கடிதமும் என் கடிதமும் அவருக்கு ஒன்றுதான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மாமா மகள்,
ஜெயப்ரியா


பெங்களூர்
4.2.2002

அன்புள்ள பிரியாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது, சாம்பாரில் வெல்லம் போடுவதுதான் இன்னும் பழகவில்லை. மாமாவை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல். அம்மா ஏன் ஆரணிக்கு வருவதில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்டால் கால்வலி என்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில் ரொம்பச் சுலபம். எங்கள் ஆபீசில் மேஜைக்கு மேஜை ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் இருக்கும். தலையணை கனம். உலகத்தில் இருக்கிற ரகசிய முறை எல்லாம் அதில் உண்டு. எதில் சந்தேகம் வந்தாலும் இதைத்தான் புரட்டுவோம். அதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை. சந்தவாசல் ஜெயக்குமார் என்னோடு வேலை செய்கிறான், அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான். என் பிரதியை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். மாமா சொன்ன அந்த ஒரு புத்தகத்தை நீ வாங்கவே வேண்டியதில்லை.

தைரியமாகப் படி. உனக்கு வராத கணக்கா? சின்ன வயதில் என் வீட்டுப்பாடத்தை நீதானே போட்டுக் கொடுத்தாய், அதுவும் என்னைவிட இரண்டு வகுப்பு கீழே இருந்துகொண்டு.

அத்தைக்கு என் நமஸ்காரம் சொல்.

சிவகுமார்


ஆரணி
26.2.2002

அன்புள்ள சிவா மாமாவுக்கு,

அப்பாவின் இருமல் நின்றது, அம்மாவுக்கு ஆரம்பித்திருக்கிறது. உங்கள் நண்பர் புத்தகத்தைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கனம், அசல் சரக்குதான்" என்றார்.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. படித்தால் புரிகிறது. புத்தகத்தை மூடினால் என்ன தெரிந்துகொண்டேன் என்று தெரியவில்லை. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று சமையல் குறிப்பு மாதிரி போகிறது. கடைசியில், "இந்த முறை பாதுகாப்பானது என்று நம்பப்படுகிறது" என்று முடிகிறது. யார் நம்புகிறார்கள்? எதனால்? பாதுகாப்பு என்றால்தான் என்ன? அந்த வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, அதற்கு அர்த்தம் மட்டும் எங்கேயும் எழுதவில்லை. முக்கோணம் என்றால் என்னவென்று சொல்லாமலே முக்கோணத்தைப் பற்றி எழுநூறு பக்கம் எழுதிய மாதிரி இருக்கிறது.

புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. பூட்டுப் போடுகிறவர்களுக்கு அது போதும். தேர்வில் என்னை நிரூபிக்கச் சொல்வார்கள். அந்த நிலையத்தில் பழைய கேள்வித்தாள் ஒன்று வாங்கினேன். எல்லாக் கேள்வியும் 'நிறுவுக' என்றுதான் முடிகிறது.

கணக்குப் புத்தகமாக வாங்கலாமா, பகா எண்களைப் பற்றி? அல்லது வேறு ஏதாவதா? ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் வேறு தோன்றுகிறது. இன்னொன்றும் சொல்லுங்கள். அமெரிக்காவில் போன வருஷம் ஒரு புது முறையைத் தேர்ந்தெடுத்தார்களாமே, பதினாறு கட்டம் வைத்து? சிவப்புப் புத்தகம் பழசு, அதில் இல்லை. அது எப்படி என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரியா


பெங்களூர்
12.3.2002

அன்புள்ள பிரியாவுக்கு,

அத்தையின் இருமல் எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மண்டைதான் குழம்பிக் கிடக்கிறது. நீதான் காரணம்.

பாதுகாப்பு என்றால் என்ன என்று ஆபீசில் கேட்டேன். ஒருவர், "யாராலும் உடைக்க முடியாதது" என்றார். இன்னொருவர், "இதுவரை யாரும் உடைக்காதது" என்றார். எங்கள் மேனேஜர், "வாடிக்கையாளர் புகார் சொல்லாதது" என்றார். மூன்று வருஷமாகப் பாதுகாப்பு விற்கிறேன், விற்கிற சரக்கு என்னவென்று எனக்கே தெரியவில்லை. புத்தகத்துக்கும் அதே கதை. ஒருத்தி நீல அட்டைக் கையேடு என்கிறாள், அதில் நிரூபணம் இருக்கிறதாம், ஆனால் பாதிக்கு 'வேறிடத்தில் காண்க' என்று போட்டிருக்கிறதாம். ஒருவன் எண்கணிதம் படி என்கிறான். இன்னொருவன் புத்தகமே வேண்டாம், கட்டுரைகளைப் படி என்கிறான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிவிட்டேன், இதில் உனக்கு ஏதாவது தெளிவு வந்தால் எனக்கும் எழுது.

பதினாறு கட்டம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். நாலுக்கு நாலு கட்டத்தில் செய்தியைப் போடுவார்கள். முதல் வரிசையை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது வரிசையை இடப்பக்கம் ஒரு கட்டம் தள்ளுவார்கள், மூன்றாவதை இரண்டு கட்டம், நாலாவதை மூன்று கட்டம். வெளியே விழுந்தது மறு ஓரத்தில் வந்து உட்காரும். இதற்கு முன்னும் பின்னும் வேறு வேலைகள் உண்டு, அவை பிறகு. ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசையாகப் போட்டு, தள்ளிய பிறகு எப்படி இருக்கும் என்று ஆபீஸ் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். சுற்றிலும் பன்னிரண்டு கட்டம் நிரப்பியிருக்கிறேன். நடுவில் நாலு கட்டம் காலி. அதை நீ போட்டு அனுப்பு.

உன் கடிதம் வந்தால் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. சீக்கிரம் எழுது.

சிவகுமார்


உ
முருகன் துணை
ஆரணி
22.3.2002

அன்புள்ள மாப்பிள்ளை சிவகுமார் அவர்களுக்கு, மாமா தணிகாசலம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் க்ஷேமம். தாங்களும் அவ்விதமே இருக்க முருகனை வேண்டுகிறேன்.

தாங்கள் பிரியாவுக்கு எழுதிய கடிதத்தோடு வைத்திருந்த ஜாதகக் கட்டம் கிடைத்தது. நடுவில் ராசி, அம்சம் என்று எழுத மறந்துவிட்டீர்கள் போலும், பரவாயில்லை. பெரியவர்கள் பேச வேண்டியதைத் தாங்களே முன்வந்து தெரிவித்ததில் எங்களுக்கு அளவில்லாத சந்தோஷம். தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைத்து, நல்ல நாள் பார்த்து தேவிகாபுரம் போய் தங்கள் தாயாரிடம் காட்டினேன். "நம்பரா இருக்குதே அண்ணா" என்று கேட்டது. கம்ப்யூட்டரில் போட்டது அப்படித்தான் வரும் என்று சொன்னேன். தங்கச்சி அழுதுவிட்டது. பொருத்தமும் பார்த்தாயிற்று, எட்டு இருக்கிறது.

வைகாசி ஐந்தாம் தேதி, மே 19, ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். தாங்கள் லீவு சொல்லிவிடவும். பிரியா படிப்பெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு தங்கள் விருப்பம்.

உடம்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் மாமா,
வே. தணிகாசலம்


ஆரணி
2.4.2002

அன்புள்ள சிவா மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். எனக்குத்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் கடிதம் பதினைந்து நாள் கழித்து என் கைக்கு வந்தது. தாள் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், உள்ளே தாள் எதுவும் இல்லை. வைக்க மறந்துவிட்டீர்களா? அப்பாவைக் கேட்டேன். "இருக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு பாவு நூலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குள் வீட்டில் என்னென்னவோ நடக்கிறது. முந்தாநாள் தேவகி அத்தை வந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து. கால்வலி என்று சொன்னீர்களே, படியேறி மாடிக்கே வந்து, என் தலையில் பூ வைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, "எம் பிள்ளை ஜாதகம் அனுப்பிச்சான்னு உங்க அப்பா வந்து சொன்னப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றார்கள். அம்மா சிரித்துவிட்டு, "என்னாத்த சொல்றது அண்ணி, இதுங்க ரெண்டும் புத்தகம் புத்தகம்னு எழுதிகினு இருந்துதுங்க, நாம அதை நெஜம்னு நெனச்சிகினு இருந்தோம்" என்றாள். நிஜமாகவே புத்தகம்தான் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் ஜாதகம் அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் எனக்கு ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை? அனுப்பவில்லையென்றால் இவர்கள் கையில் இருப்பது என்ன? மே 19 தட்டு மாற்றுகிறார்கள். அன்றைக்குத்தான் தேர்வு. அப்பாவிடம் சொன்னேன். "முகூர்த்தம் நாமளா வெக்கறது?" என்கிறார்.

உங்களைப் பிடிக்காது என்று எழுத வரவில்லை. பிடிக்கும் என்றும் எழுத வரவில்லை, அதைப் பற்றி யோசிக்க யாரும் எனக்கு நேரம் கொடுக்கவில்லை. எனக்கு இப்போது தெரிய வேண்டியது அனுப்பினீர்களா, இல்லையா. அப்புறம் எந்தப் புத்தகம்.

உடனே பதில் போடுங்கள்.

பிரியா


ஆரணி
25.4.2002

சிவா மாமாவுக்கு,

நீங்கள் சௌக்கியமாக இருப்பதாக அத்தை மூலம் தெரிந்தது. அத்தைக்குப் போன் செய்கிறீர்கள், எனக்குப் பதில் இல்லை. கடை போனில் கூப்பிடலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். ஒரு நாள் நம்பரைச் சுழற்றிவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

ஜவுளி எடுத்தாயிற்று. எங்கள் தறியிலேயே நெய்த புடவை, பச்சையில் அரக்கு பார்டர். நன்றாகத்தான் இருக்கிறது. அதுவும் என்னைக் குழப்புகிறது.

புத்தகத்தைப் பற்றி நீங்கள் இனி யோசிக்க வேண்டாம். கோபத்தில் உங்கள் சிவப்புப் புத்தகத்தைக் கடைசியிலிருந்து புரட்டினேன். பின்னால் மேற்கோள் பட்டியல் ஐம்பது பக்கம் இருக்கிறது. நிரூபணம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒருவருடைய பழைய கட்டுரைகளைத்தான் கை காட்டுகிறது. உங்கள் தோழி சொன்ன நீலக் கையேட்டை வேலூர் நூலகத்தில் போய்ப் பார்த்தேன். அதிலும் 'வேறிடத்தில் காண்க' என்றால் முக்கால்வாசி அதே ஆள்தான். எல்லோரும் யார் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார்களோ அவர் எழுதியதைத்தானே நான் படிக்க வேண்டும்? இப்போது அவரே எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போட்டிருக்கிறார் என்று நூலகர் சொன்னார். பேரைத் தனியாக ஒரு சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சென்னைக் கடையில் வரவழைக்க ஆறு வாரம் ஆகுமாம். பெங்களூரில் கிடைக்குமா? இதையாவது சொல்லுங்கள்.

மற்றதைச் சொல்ல உங்களுக்கு இஷ்டமில்லை என்று தெரிகிறது. கட்டாயப்படுத்தவில்லை.

பிரியா


பெங்களூர்
4.5.2002

அன்புள்ள பிரியாவுக்கு,

இதை நான் மார்ச் மாதமே எழுதியிருக்க வேண்டும். நாலு தடவை எழுதி, நாலு தடவையும் கிழித்தேன்.

நான் ஜாதகம் அனுப்பவில்லை. மாமா கையில் இருப்பது உனக்கு அனுப்பிய பதினாறு கட்டம். சுற்றிலும் பன்னிரண்டு நிரப்பி, நடுவில் நாலைக் காலியாக விட்டேன் அல்லவா? ராசிக் கட்டம் அப்படித்தானே இருக்கும். போடும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாக இல்லை.

ஆனால் மார்ச் 22ஆம் தேதி மாமா எனக்குக் கடிதம் எழுதினார், 'மாப்பிள்ளை அவர்களுக்கு', 'தாங்கள்' என்றெல்லாம் போட்டு. சின்ன வயதில் என் காதைத் திருகிய மாமா. அதைப் படித்த அன்றைக்கே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உடனே ஒரு போன் செய்து, "மாமா, அது ஜாதகம் இல்லை" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குள் அம்மா போன் செய்தாள். "எட்டுப் பொருத்தம்டா" என்று சொல்லி அழுதாள். போனை வைத்த பிறகு நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அது தப்பாக வந்தது என்று தெரியும், கையை விட்டுப் போகவும் மனசு வரவில்லை. உன் கடிதம் வந்தது. அனுப்பினீர்களா இல்லையா என்று கேட்டிருந்தாய். இல்லை என்று எழுதினால் எல்லாம் போய்விடும். ஆமாம் என்று எழுதினால் பொய். அதனால் எழுதாமலே இருந்தேன். நீ தேர்வு எழுதாமல் போய்விடுவாய் என்பது தெரிந்தும் இருந்தேன். அதுதான் இப்போது என்னைக் கொல்கிறது.

மாமாவுக்கு எல்லாவற்றையும் தனியாக எழுதிவிட்டேன், இதே தபாலில். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன்.

நீ கேட்ட புத்தகம் பார்சலில் வருகிறது. இங்கே ஒரு கடையில் ஒரே ஒரு பிரதி இருந்தது. பஸ்ஸில் வரும்போது முதல் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் புரியவில்லை, ஆகவே இதுதான் நீ தேடியது. பதினைந்து நாள்தான் இருக்கிறது, உட்கார்ந்து படி.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

சிவா


உ
முருகன் துணை
ஆரணி
11.5.2002

சிவாவுக்கு மாமா எழுதுவது. எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது.

தம்பி, நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அது ஜாதகம் இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். வேணுகோபால் ஜோசியரிடம்தான் முதலில் கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா முதலாளி, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வரிசையா நிக்கற மாதிரி எந்த ஜாதகமாவது உண்டா? லக்னமும் காணோம். புள்ளைங்க கணக்கு போட்டதை எடுத்துகினு வந்துட்டீங்க" என்று சிரித்தார். உன் நட்சத்திரம் எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லித்தான் பொருத்தம் பார்க்கச் சொன்னேன். எட்டு இருப்பது நிஜம்.

அத்தோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் உன் அம்மா என் கூடப் பிறந்தவள். உனக்கு வேலை கிடைத்த பிறகு முறை கேட்டு நாங்கள் வந்து நின்றுவிடுவோமோ என்று பயந்து அவள் வருவதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியும். நானும் வீராப்பாக இருந்துவிட்டேன். அந்தத் தாளை நீ அனுப்பினாய் என்று சொன்னால் நான் கேட்டதாக ஆகாது. அதை வைத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன். நான் பட்டு வியாபாரி, ஒரு தாளைக் காட்டி ஒரு பேச்சை ஆரம்பிக்க எனக்குத் தெரியும். அவள் "வா அண்ணா" என்று கூப்பிட்டதும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. பிறகு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. 19ஆம் தேதி தேர்வு என்றும் தெரியும். அதற்கும் வாய் திறக்கவில்லை.

இப்போது எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. உன் அம்மா என்மேல் கோபமாக இருக்கிறாள். கோபித்துக்கொள்ளவே நேரில் வந்தாள், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனாள். வருகிற சனிக்கிழமை நானே பிரியாவைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறேன். தாளை அவளிடம் கொடுத்துவிட்டேன். "எனக்கு ஏம்பா சொல்லல?" என்று ஒன்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

மாமா


ஆரணி
16.6.2002

சிவா மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து, பிறகு வேறு தாள் எடுத்தேன். மறந்துபோய் விட்டதாக நினைக்க வேண்டாம். அம்மா, அப்பா, அத்தை மூன்று பேரும் நலம். அத்தை வாரத்துக்கு ஒரு தடவை கோபித்துக்கொள்ள வருகிறார்கள், வரும்போது பூவும் பழமும் வாங்கி வருகிறார்கள்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜூலை முதல் வாரம் சேர வேண்டும்.

தேர்வில் முதல் கேள்வியே, பாதுகாப்பு என்றால் என்ன, வரையறுத்து எழுதுக என்பதுதான். சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய புத்தகத்தில் மூன்று அத்தியாயம்தான் படித்திருந்தேன், அந்த மூன்றும் இதைத்தான் சொன்னது. எடுத்ததும் பூட்டைப் பற்றிப் பேசவில்லை அந்தப் புத்தகம். எதிரி யார், அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அவனுக்கு என்ன வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளச் சொல்கிறது. அது தெரியாமல் பாதுகாப்பு என்று சொன்னால் அதற்கு அர்த்தம் கிடையாதாம். அதைப் படித்த அன்றைக்குத்தான் மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம். அப்பாவுக்குத் தெரியும், ஜோசியருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். தட்டில் வைத்துக் கொடுக்கப்பட இருந்த எனக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் சந்தோஷத்தில்தான் பேசாமல் இருந்தீர்களாம். உங்கள் சந்தோஷத்தில் என் தேர்வு போயிருக்கும். அப்பா சென்னை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே என்னிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார். விழுப்புரத்துக்காரர் ஒருவர் நடுவில் பேச்சுக் கொடுத்ததால் பாதிதான் கேட்டது. போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் புத்தகம் சொல்கிற அர்த்தம் சுருக்கமாக இதுதான். ரகசியத் தாளைப் பார்த்தவனுக்கும் பார்க்காதவனுக்கும் தெரிந்தது ஒன்றாகவே இருந்தால் அந்த முறை பாதுகாப்பானது. அப்படிப் பார்த்தால் உங்கள் தாள் ரொம்பப் பாதுகாப்பான தாள், மாமா. அதை அப்பா பார்த்தார், அம்மா பார்த்தாள், அத்தை பார்த்தார்கள். ஒருவரும் அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. ஏற்கெனவே மனசில் இருந்ததைத்தான் அதில் பார்த்தார்கள்.

தாள் என்னிடம்தான் இருக்கிறது, நாலு மூலையிலும் மஞ்சள் காய்ந்துபோய். நீங்கள் கேட்ட விடை: மேலே 7, 8. கீழே 12, 9. சரிதானே?

விடையைப் போட்ட பிறகும் தாளை மடிக்கவில்லை. எண்களை மேலிருந்து கீழே படித்தேன், வலமிருந்து இடமாகப் படித்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வேறு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடினேன். ஒன்றுமில்லை, வெறும் எண்கள். அப்பா பார்த்த மாதிரிதான் நானும் பார்த்திருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. தாளை மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சென்னை ஹாஸ்டல் விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் கட்டம் போடாமல் என்னிடமே கேளுங்கள். என்ன பதில் சொல்வேன் என்று எனக்கு இப்போது தெரியாது, யோசித்துச் சொல்வேன். அங்கே என் தபாலை நான்தான் பிரிப்பேன்.

பிரியா